மெழுகு போட்டது யார்

1

இந்தக் கதை நான் சண்டை போடப் போன இடத்தில் கிடைத்தது.

என் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதிலிருந்து நாள் முழுக்க ஒரு ரீங்காரம் வரும். மத்தியானம் கண்ணயர்ந்தால் தலையணைக்குள்ளேயே புகுந்துகொள்ளும். கனவில் வருகிற மனிதர்கள்கூட வாயைத் திறந்தால் ‘ம்ம்ம்ம்’ என்றுதான் பேசினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு வார்த்தை கேட்கப் போனேன். நான் கதவைத் தள்ளவும் ரீங்காரம் நிற்கவும் சரியாக இருந்தது. உள்ளே குனிந்து நின்ற இரண்டு பேரும் நிமிராமலே, “சத்தம் போடாதீங்கம்மா” என்றார்கள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்கப் போனவளுக்கே சத்தம் போடாதே என்று உத்தரவு! வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன், கண்ணுங்களா. நின்றதற்குக் கூலி இந்தக் கதை.

2

முதல் வரி எழுதிப் பார்த்தேன்.

‘கார்பன் ஃபைபர் என்பது எஃகைவிட எடை குறைந்த, ஆனால்’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

‘அவள் அந்தக் கறுப்புத் துணியை விரித்தபோது இரவே இறங்கி வந்து’

இதுவும் வேண்டாம். அது பட்டப்பகல். தவிர, இரவைத் துணி என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை.

கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். கட்டில் அகலத்துக்கு ஓர் அச்சு. கார் பானட்டின் வடிவம் அதில் குழிவாகக் கிடக்கிறது. அச்சில் மெழுகு பூசித் துடைக்கிறார்கள். மேலே கார்பன் துணியை அடுக்கடுக்காகப் படுக்கவைக்கிறார்கள். பாய் பின்னின மாதிரி நெசவு, மினுமினுவென்று கறுப்பு. அதன்மேல், ரெசின் என்கிற இறுகும் பசை பரவுவதற்கு ஒரு வலை, எல்லாவற்றையும் போர்த்தி ஒரு பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் ஒட்டு டேப். ஒரு பக்கத்துக் குழாய் பம்புக்குப் போகிறது. மறுபக்கத்துக் குழாய் ரெசின் வாளிக்குள் இறங்குகிறது, வழியில் ஒரு கவ்வி அதை நெரித்துப் பிடித்திருக்கிறது. பம்பு காற்றை உறிஞ்ச உறிஞ்ச, தாள் துணியோடு தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் கவ்வியைத் திறந்தால் போதும். ஊற்றவேண்டாம், தேய்க்கவேண்டாம். உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கிறதே, அந்த ஒன்றுமில்லாமை ரெசினை வா வா என்று இழுத்துக்கொள்கிறது.*

(* இழுக்கவில்லை, வெளியே இருக்கிற காற்றுதான் தள்ளுகிறது என்று அங்கிருந்த ஒருவர் திருத்தினார். சரி தம்பி என்றேன். கதைக்கு இழுப்பதாகவே இருக்கட்டும். என்னையும் அப்படித்தான் இழுத்தது.)

நான் போன நேரம், தாளில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பம்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மயிரிழை அளவுக்குக் காற்று புகுந்தாலும் பானட்டில் குமிழி விழுந்துவிடுமாம்.

3

நான் பார்த்த இரண்டு பேரும் சிநேகிதர்கள். ஒருவர் வாளியை நீட்டுமுன் மற்றவர் கை நீட்டுகிற அளவுக்கு ஒற்றுமை. இப்படி இருந்தால் நான் என்ன செய்வது? நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் ஓர் அண்ணியையும் நாத்தனாரையும் கொண்டுவந்து நிறுத்தியது நான்.

அண்ணியை அண்ணி என்றே கூப்பிடுவோம். நாத்தனார், சின்னவள். முப்பது தாண்டிய பிறகும் வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். கொட்டகை இருவருடையது. அண்ணி பாகங்களைச் செய்கிறாள். சின்னவள் கூடமாட வேலை செய்கிறாள், மலைப்பாதைப் பந்தயத்தில் கார் ஓட்டுகிறாள். மருமகளாக வந்த புதிதில் இந்தச் சின்னவளுக்கு சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினவள் அண்ணி.

போன பந்தயத்தில், பாதி மலை ஏறும்போது பானட் பிய்த்துக்கொண்டு எழும்பி முன்கண்ணாடியை மூடிவிட்டது. சின்னவளுக்கு முன்னால் வெறும் கறுப்பு. பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது ஒரு சக்கரத்துக்கு அடியில் ரோடு இல்லை. வளைவில் நின்று அண்ணி அதைப் பார்த்தாள். அந்தப் பானட்டும் அண்ணி கையால் செய்ததுதான்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் நடந்தது இது:

“போதும் சின்னவளே. இனிமே நீ ஓட்டவேண்டாம்.”

“ஒரு தடவை பிச்சுக்கிச்சு. அதுக்காக?”

“அந்த ஒரு தடவைய நான் தினமும் பாக்கறேன்.”

“பாக்காதீங்க. யாரு பாக்கச் சொன்னா? அண்ணின்னா அண்ணியா இருங்க. எனக்கு அம்மா வேலை பாக்கவேண்டாம்.”

சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள உலகத்தில் பம்பு ஏது? அதோடு பேச்சு நின்றது. ஆனால் வேலை நிற்கவில்லை. புது பானட் இல்லாமல் காரை அடுத்த பந்தயத்துக்குள் விடமாட்டார்கள். அச்சும் இருப்பது ஒன்றே ஒன்று. புது அச்சு செய்து முடிப்பதற்குள் பந்தயக் காலமே ஓடிப்போகும். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே துணி வெட்டினாள்.

(அண்ணன் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார். எதற்கும் ‘பாத்துக்கலாம்’ என்பார். அவரைக் கதைக்குள் விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டி, திட்டின சந்தோஷத்தில் சமாதானமாகிவிடுவார்கள். கதை கெட்டுவிடும். அவர் வெளியூரில் இருக்கட்டும்.)

4

இங்கே மெழுகைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கே சொல்வது என்று தெரியாமல் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

மெழுகு இல்லாவிட்டால் பானட் அச்சை விட்டு வராது. கோந்து போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெயர்த்தால் பானட்டும் போச்சு, அச்சும் போச்சு. இந்தக் கொட்டகையில் ஒரு பழக்கம்: ஒருவர் ஒரு பூச்சு, அடுத்தவர் அடுத்த பூச்சு. ஒரே கை ஒரே இடத்தைத்தான் தவறவிடும் என்று அண்ணி சொல்வாள். அதனால் ஒருவர் பூசும்போதே மற்றவர், “அந்த மூலை! அந்த மூலை!” என்று நச்சரித்துக்கொண்டிருப்பார்.

பேச்சு நின்றபின் நச்சரிக்க ஆள் இல்லை. காலையில் அண்ணி வந்து பார்த்தாள். அச்சு பளபளவென்று இருந்தது. சின்னவளே இரண்டு பூச்சும் போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று போய்விட்டாள். அப்புறம் சின்னவள் வந்து பார்த்தாள். அதே பளபளப்பு. அண்ணியே இரண்டும் போட்டுவிட்டாள் என்று துணியை எடுத்தாள்.

அது போன தடவைத் துடைப்பின் பளபளப்பு.

5

கவ்வியைத் திறக்கிற நேரம். எனக்குப் பிடித்த இடம். மெதுவாக எழுதப்போகிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

ரெசின் உள்ளே வந்தது. தேன் நிறம். தாளுக்கு அடியில், வலையின் சின்னச் சின்னக் கட்டங்களை ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டு, சாயங்கால நிழல் தரையில் நகர்கிற வேகத்தில் பரவியது. அது தொடும்வரை வெறும் கறுப்பாக இருந்த இடம், தொட்டதும் ஆழமாகிவிடும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். நனைந்ததற்கும் நனையாததற்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு மூச்சு விடுவதுபோல் நெளிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எந்தச் சண்டையும் நினைவுக்கு வராது. சின்னவளுக்கும் வரவில்லை. அதனால்தான், பேசுவதில்லை என்பதை மறந்து பேசிவிட்டாள்.

“அண்ணி, மெழுகு இந்தத் தடவை அட்டகாசம். கண்ணாடி மாதிரி இருந்துச்சு.”

“நானா போட்டேன்? நீ போட்டது.”

“நான் போடலையே!”

கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

“நிறுத்துங்க அண்ணி. கவ்விய மூடுங்க!”

“மூடி? பாதியில நிறுத்தினா பாதி பானட் ஒட்டும். முழுசா விட்டா முழு பானட் ஒட்டும். எது வேணும்?”

“பழைய மெழுகு கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல?”

“இருக்கலாம்.”

“இருக்கும்னு சொல்லுங்களேன்!”

“இருந்தா இருக்கும்.”

கோடு கடைசி மூலையைத் தொட்டது. அழகாகத் தொட்டது, பாவி. ஒரு குமிழிகூட இல்லை. அண்ணி கவ்வியை மூடினாள். இனி அது இறுகும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை.

6

எழுதிக்கொண்டே வந்தவள் இங்கே நின்றுவிட்டேன். அண்ணிமேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வேலையில் அவ்வளவு கருக்கானவள். மெழுகு விஷயத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பாளா? பானட் வராவிட்டால் பந்தயம் இல்லை. பந்தயம் இல்லாவிட்டால் சின்னவள் உயிரோடு

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.)

மத்தியானம் கண்ணயர்ந்தபோது அண்ணியே வந்தாள். என் சாப்பாட்டு மேசையின் அந்த முனையில் உட்கார்ந்தாள். விரல் நுனியெல்லாம் டேப் பிசின்.

“வேணும்னே விட்டியாடி?” என்றேன்.

“நீங்கதானே எழுதறீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா உன்னை எதுக்குக் கேக்கறேன்?”

அவள் கொஞ்ச நேரம் பிசினை உருட்டிக்கொண்டிருந்தாள். “அவ ஓட்டக்கூடாது, ஓட்டக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே அன்னிக்கு அந்த அச்சு முன்னால நின்னேன். பளபளன்னு இருந்துச்சு. தொட்டுப் பாத்திருக்கலாம். தொடல. மறந்தேனா, மறக்கட்டும்னு விட்டேனா? கையைத்தான்மா கேக்கணும்.”

கையைக் கேட்கலாம் என்று பார்த்தேன். விழிப்பு வந்துவிட்டது.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன்.

ஒன்றில் பானட் பூவாக வந்துவிடுகிறது. சின்னவள் பந்தயத்துக்குப் போகிறாள், வருகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். படித்துப் பார்த்தேன். அண்ணி சிரித்த சிரிப்பு என் சிரிப்பாக இருந்தது. அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் வரவில்லை. அச்சு பாழ். சின்னவள் ஓட்டுவதை விட்டுவிட்டு எங்கோ வேலைக்குப் போகிறாள். பத்திரமாக வீடு திரும்புகிறாள், தினமும். தினமும் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் தட்டில் பார்த்துச் சாப்பிடுகிறாள். இதை எழுதிய அன்றைக்கு எனக்கே சோறு இறங்கவில்லை.

மூன்றாவதாக அண்ணனை வரவழைத்து

சேச்சே.

8

ஆகவே நடந்தவரைக்கும் சொல்கிறேன். மறுநாள் இறுகியிருந்தது. தாளை உரித்தார்கள், வலையைப் பிய்த்தெடுத்தார்கள். அச்சுக்குள் பானட் அசங்காமல் கிடந்தது. நெசவில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, ஆற்றடியில் மணல் தெரிகிற மாதிரி தெரிந்தது. ஓரத்தில் செருகிப் பிரிக்கப் பிளாஸ்டிக் ஆப்புகள் உண்டு. சின்னவள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். செருகவில்லை.

“அண்ணி, ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“இது வராட்டி உங்களுக்குச் சந்தோஷம்தானே?”

அண்ணி அவசரப்பட்டு மறுக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

“நிம்மதி. சந்தோஷம் இல்ல.”

“அப்ப இப்படியே விட்டுடலாம். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். வேணும்னே விட்டீங்களா, மறந்தீங்களான்னு கேக்கவே மாட்டேன். நானும்தானே தொட்டுப் பாக்கல. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது.”

“பேசினது பேசினதுதான். குடு இங்க.”

“எதை?”

“ஆப்பைக் குடுடி.”

“அண்ணி, வந்துட்டா நான் ஓட்டுவேன். அதை மட்டும் இல்லேன்னு சொல்லமாட்டேன்.”

“தெரியும். செவிடு இல்ல நான். அந்தப் பக்கம் போய்ப் பிடி. மூலைய விட்டுடாத, அந்த மூலை!”

அண்ணி முதல் ஆப்பை ஓரத்தில் வைத்தாள். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. விட்ட கையோ மறந்த கையோ, இப்போது தன் பலமெல்லாம் சேர்த்து அந்தப் பானட்டை வெளியே கூப்பிட்டது. கூப்பிடும்போதே கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது. தட்டினாள். இன்னொரு தரம் தட்டினாள்.

‘டக்.’

அந்தச் சத்தத்தைப் பற்றி விசாரித்தேன், கண்ணுங்களா. பானட் அச்சை விட்டு விடுபடும்போது அப்படித்தான் கேட்குமாம். அச்சின் தோல் பிய்ந்து பானட்டோடு வரும்போதும் அப்படியேதான் கேட்குமாம். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அச்சின் இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் சின்னவள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குனிகிற தைரியம் அவர்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை. நீங்கள்தான் கொஞ்சம் கிட்டே வரவேண்டும்.

மெதுவாகத் தூக்குங்கள். இன்னும் தேய்க்காத ஓரம், கத்தி மாதிரி இருக்கும். விரல் பத்திரம்.