கச்சாங் பொட்டலத்தில் குதிரை

மலாய் நாட்டின் சுதந்திரத் தேதியை அறிவிக்கப் போகிற காலை. காஜா பெராங்கில் தன் வீட்டு வாசலில் பொன்னுதுரை வறுத்த கடலையோடு புறப்பட நின்றான். பொட்டலம் மடிக்கக் காகிதம் இல்லை.

“பழைய பேப்பரெல்லாம் ஹாபீஸ், தீர்ந்துபோச்சு. பண்டார் ஹிலிர் திடல்ல ஊரே நிக்கும், கையிலயா அள்ளிக் கொடுப்பீங்க?” என்றாள் மனைவி சந்திரமதி.

அவன் தினமும் கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை விற்பது சீனரான கோ டீச்சர் வீட்டு வாசலில். கதவருகே ஒரு மூங்கில் கூடை தொங்கியது. எழுத்துள்ள தாளை அந்த வீட்டில் குப்பையில் போடமாட்டார்கள், காலில் படவும் விடமாட்டார்கள். கோயிலுக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள். போன மாதம் இறந்த டீச்சரின் அப்பா கடைசியாக எழுதிய தாள்கள் கூடையில் இருந்தன. நாளை எரிக்க வேண்டும் என்று டீச்சர் அவனிடமே சொல்லியிருந்தாள்.

“எரிக்கிற பேப்பர்தானே.”

“கேட்டுட்டு எடுங்க.”

“அவங்க ஸ்கூல் பிள்ளைங்களோட முன்னாடியே போயாச்சு.”

திடலில் அந்தத் தாள்களில் மடித்த கடலை விற்றுப் பறந்தது. தின்றவர்கள் பொட்டலத்தைக் கசக்கிக் காலடியில் போட்டார்கள். கூட்டத்தில் கோ டீச்சர், ஒரு மாணவி கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரிப்பதை அவன் பார்த்தான்.

எல்லாத் தாளிலும் ஒரே குதிரை. உச்சியில் எலும்பில் கத்தியால் கீறியதுபோல நிற்கும்: பிடரி, கால், வால் எல்லாம் உண்டு. அடுத்த வரியில் கோடுகள் வளைந்து ஒழுங்காகும். அடுத்ததில் தூரிகை அதைச் சதுரமாக்கிவிடும். கடைசியில் குதிரையே இல்லை, நான்கு புள்ளிகள்மேல் நிற்கும் ஓர் எழுத்து. சீன எழுத்து மாறிவந்த மூவாயிரம் வருடம் ஒரு தாளில். கிழவர் தினமும் எழுதியதைப் பொன்னுதுரை வாசலிலிருந்தே பார்த்திருக்கிறான். தெரியாது என்று சொல்ல வழியில்லை.

காற்றில் பறந்தது, பிள்ளைகள் எடுத்தார்கள் என்று இரண்டு பொய்களைத் தயார் செய்தான். டீச்சர் கேட்கவே வரவில்லை. குனிந்து, ஆட்களின் கால்களை விலக்கி, தாள்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மேடையில் தேதியைச் சொன்னார்கள். “மெர்டேக்கா!” என்று திடலே குதித்தது. குதித்த கால்களுக்கிடையில் பொன்னுதுரை மண்டியிட்டுத் தேடினான்.

“என்ன அண்ணே, சில்லறை விழுந்துருச்சா?” என்று ஒருவன் சிரித்தான்.

“ஆமா,” என்றான். அங்கேயும் பொய்தான்.

மறுநாள் கோயில் உலையருகே அவன் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதிக்கூடைகூட இல்லை. சேறு, செருப்புத் தடம், எண்ணெய்க் கறை. டீச்சர் ஒவ்வொரு தாளாக நீவிப் போட்டாள். தீ குப்பென்று பிடித்தது.

“டீச்சர், என்னைத் திட்டுங்க,” என்றான் மலாயில்.

“எண்ணெய் பட்டிருக்கு. நல்லா எரியுது,” என்றாள் அவள்.

அதன்பிறகும் அவன் அதே வாசலில்தான் கடலை விற்றான். அவள் போகச் சொல்லவில்லை. கூடையை மட்டும் வீட்டுக்குள்ளே மாட்டிவிட்டாள்.