தலைவரின் தாடையில் ஒரு மாடு

ராகலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் மாரியம்மன் கோயில் தலைவர் வீரய்யாவுக்குப் போன திருவிழாவில் முன்பல் போனது. ஒலிபெருக்கியில் யார் பெயரை முதலில் சொல்வது என்ற மகத்தான பிரச்சினையில் அவர் மைக்கைப் பிடித்து இழுத்தார். மைக் அவர் வாயிலேயே வந்து விழுந்தது.

பல் இல்லாதவர் தலைவரா? மரக்கறி லொறி ஓட்டிச் சம்பாதித்தது வேறு எதற்கு? நுவரெலியாவில் இருந்த யாழ்ப்பாணத்துப் பல் டொக்டர் சிவரூபனிடம் போனார். கரைந்திருந்த தாடையை டொக்டர் எலும்புத்தூள் வைத்து நிரப்பினார். அது இறுகியதும் பல்லைத் தாங்கும் திருகாணியை அதில் இறக்கினார். நன்றாக ஆறுவதற்கு லேசர் வேறு. முதல் நாளே எல்லாம் விளக்கியிருந்தார். வீரய்யாவோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். சிரித்தால் எடுப்பாக இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

லேசர் பிடித்த முதல் நாள் மனைவி நாகலெட்சுமி கூட வந்திருந்தாள்.

"டொக்டர், அந்த எலும்புத்தூள எதுலருந்துங்க எடுக்கிறாங்க?"

"மாட்டு எலும்பு அம்மா. சுத்தப்படுத்தித்தான் வாறது, பயப்பிடாதேங்கோ. முதல் நாளே சொன்னனான்."

பச்சைக் கண்ணாடி மாட்டி, வாயைப் பிளந்து படுத்திருந்த தலைவர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

துள்ளாமல் பின்னே? சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்தில் மாட்டிறைச்சி தின்றான் என்று, வருடா வருடம் கரகம் எடுத்த மாயாண்டியைக் கோயிலை விட்டுத் தள்ளிவைத்தவர் இவர்தான். மாடு பட்ட வாய் அம்மன் பேரைச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டதும் இதே வாய்தான். திருவிழாவில் தன் வாய் சுத்தம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால்தான் தலைவருக்கு முதல் மரியாதை. அதுவும் அவர் போட்ட சட்டமே.

"இந்த லைட்டு அந்த எலும்ப எரிச்சிருமாங்க?"

"எரிக்காது அய்யா. உங்கட எலும்பு வளர உதவி செய்யும்."

"அப்ப நம்ம எலும்பு வளந்து மாட்ட வெளிய தள்ளிரும்?"

டொக்டர் சிரித்தார். சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார் வீரய்யா.

அதற்குப் பிறகு அவருடைய பக்தியைப் பார்க்க வேண்டுமே! வாரத்துக்கு இரண்டு முறை வரச் சொன்னால், தினமும் பஸ் ஏறி வந்து கதவடியில் நின்றார். சுடாமல் வலிக்காமல் ஈறில் படும் சிவப்பு வெளிச்சத்தை அம்மனாகவே நினைத்து, "கொஞ்சம் கூட்டி வைங்க டொக்டர்" என்று கெஞ்சினார். வெற்றிலையை விட்டார், சுருட்டை விட்டார்.

பல்லும் வைத்தாயிற்று. திருவிழா நெருங்கியபோது டொக்டர் எக்ஸ்ரேயைப் பெருமையோடு தூக்கிக் காட்டினார்.

"அருமையாப் பிடிச்சிருக்கு அய்யா. உங்கட எலும்பு மாட்டு எலும்பைச் சுத்தி வளந்து இறுக்கிப் போட்டுது. இனி ரெண்டையும் பிரிக்கேலாது."

திரும்பி வரும் பஸ்ஸில் நாகலெட்சுமி வாயைத் திறந்தாள்.

"மாயாண்டி அண்ணே ஒரு நாளு தின்னாரு. நீங்க சாகுற வரைக்கும் வாயிலேயே வச்சிக்கிட்டு இருக்கப் போறீங்க."

வீரய்யா தேயிலையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தார். நாக்கால் தடவிப் பார்த்தார். மனசு வரவில்லை.

கோயில் கூட்டத்தில் எழுந்து, "மாயாண்டிய மன்னிச்சிருவோம். அந்தக் கற்பூர சத்தியமும் இனி வேணாம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பொன்னாடையும் போர்த்தினார்கள். மாயாண்டி ஓடி வந்து காலில் விழுந்தார்.

"கண்டதத் தின்ன வாய்ண்ணே இது. என்னையும் மனுசனா மதிச்சீங்களே!" என்று அழுதார்.

வீரய்யாவுக்கு வெட்கமாக இருந்தது. காலை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. யாரோ மைக்கைக் கொண்டுவந்து நீட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள், பெண்கள் பக்கம் நின்ற நாகலெட்சுமி.

வீரய்யா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மைக்கைத் தள்ளிவிட்டார். அத்தனை பாடுபட்டு வைத்த பல்லை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை.