ஒன்றாம் நம்பர் கன்னியப்பனுக்கு

1

இந்தக் கதை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. 'ஒன்றாம் நம்பர் யாருக்கு என்பதைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம், இங்கே வேண்டாம்' என்று செயலாளர் போட்டிருந்தார். கார் நிறுத்தும் இடத்துச் சண்டை என்று நினைத்து உற்சாகமாகப் போனேன். இன்டர்நெட் சண்டை. எனக்கு எல்லாச் சண்டையும் ஒன்றுதான், அன்றிரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: குத்தம்பாக்கத்தை ஒட்டி எழும்பிய அந்த அடுக்குமாடியில் அன்று அடைமழை...

மழை வேண்டாம். நெட் போனதற்கு மழைதான் காரணம் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: அரவிந்தன் ஐடிக்காரன். சம்பளம் போடும் மென்பொருளில் பிழை தேடுவது அவன் வேலை. குடியிருப்புக்கு அதெல்லாம் தெரியாது. தண்ணீர் மோட்டார் நின்றால்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். எல்லா வீட்டுக்கும் பொதுவாக நெட் வாங்கி, அதை வீடு வீடாகப் பிரித்துவிட மீட்டர் அறையில் நெட்வொர்க் ஸ்விட்ச் என்று ஒரு பெட்டியை மாட்டியதும், "தம்பி பாத்துக்கும்" என்று அவன் தலையில் கட்டினார்கள்.

[அவன் மனைவி நிஷா. குழந்தைக்காக வேலையை விட்டவள். பல வருடம் கழித்து, சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் ஒரு நேர்காணல். தவறினால் அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடாது. இதை நினைவில் வையுங்கள். நான் மறந்துவிடுவேன் போலிருக்கிறது.]

2

அரவிந்தன் அந்த ஸ்விட்சில் டிஹெச்சிபி அமைக்க வேண்டும்.*

* பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் தானாக ஒரு நம்பரைக் கொடுத்து, 'வெளியே போகிற வாசல் இந்த நம்பரில் இருக்கிறது' என்றும் சொல்லி அனுப்புகிற வேலை. அந்த வாசலும் ஸ்விட்சேதான். அவ்வளவுதான்.

கூட்டத்தில் கன்னியப்பன் எழுந்தார். கட்டடம் நிற்பதே அவர் நெல் போட்ட நிலத்தில். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் சொம்பு இன்றைக்கும் அவர் குடும்பத்துக்குத்தான்.

"மொத நம்பரு நமக்குத்தான நைனா?"

"ஐயா, அது ஸ்விட்சோட நம்பர். எல்லாருக்கும் நம்பர் குடுக்கறதே அதுதான்."

"கூழ் ஊத்துறவன் மொத சொம்ப தனக்கே ஊத்திக்குவானா? எல்லாரும் குடிச்சப்புறம்தான் அவன் குடிப்பான். இன்னா ஞாயம் இது?"

கூட்டம் தலையாட்டியது. அரவிந்தனும் சேர்ந்து ஆட்டினான். எழுதும்போது நானும் ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு செய்முறை வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு, ஸ்விட்சைக் கடைசி நம்பருக்குத் தள்ளி, ஒன்றாம் நம்பரைக் கன்னியப்பனின் டிவிக்குக் கொடுத்தான். ஒரு வரியை மட்டும் மாற்ற மறந்தான். 'வாசல் ஒன்றாம் நம்பரில்' என்றே ஸ்விட்ச் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியாது.

3

சனிக்கிழமை காலை, குடியிருப்பின் அத்தனை போன்களும் வெளியே போகக் கன்னியப்பனின் டிவியிடம் வழி கேட்டன. டிவிக்கு ஏது வழி தெரியும்? மூன்றாம் மாடி அசோக் போனைக் குடைந்து, வாசல் ஒன்றாம் நம்பர் என்றிருந்ததைப் பார்த்துவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனான். பின்னாலேயே ஊர் திரண்டது.

"அண்ணாத்தே, உங்க ஊட்லருந்துதான் நெட்டு வரணும்னு போன்ல கீது."

"வந்தா எடுத்துக்கினு போ. நான் இன்னா புடிச்சா வச்சிகினு கீறேன்?"

என்றாலும் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அவர் மனைவி எல்லம்மா ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தாள். அரவிந்தன் மீட்டர் அறையில் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான்.

[நிஷா செல்போன் நெட்டில் பேசக்கூடாதா என்கிறீர்கள். அங்கே இருந்த டவரை இந்த வரைவில் எடுத்துவிட்டேன். போன வரைவில் இருந்தது. கதை இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துபோனது.]

5

(நான்காவதில் கன்னியப்பன் மனமிளகி டிவியை அணைப்பதாக இருந்தது. காலியான ஒன்றாம் நம்பருக்கே ஸ்விட்சைத் திரும்பக் கொண்டுவந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அவர், "நான் இன்னாத்துக்கு அணைக்கணும்?" என்றார். கிழித்துப் போட்டேன்.)

மணி பத்தே முக்கால். அப்போதுதான் கவனித்தேன், நிஷாவை இதுவரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. என்ன வேலைக்கு நேர்காணல் என்றுகூட எழுதவில்லை. கன்னியப்பனின் கூழுக்கு இத்தனை வரி கொடுத்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.

அரவிந்தன் வியர்த்து வழிய மேலே வந்தான். "ஸ்விட்சே போச்சு போல."

நிஷா மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்பர மாத்துனீங்க, வாசல மாத்தல. எல்லாம் அவர் டிவி வழியா வெளிய போகப் பாக்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

[இதை அவன் கேட்டிருக்கக்கூடாது. அந்த வரியை அடிக்கப் போனேன், அதற்குள் கேட்டுவிட்டான்.]

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி நான் என்ன வேலை பாத்தேன்?"

நெட்வொர்க் வேலை. அவனுக்குத் தெரியும். நேற்று மாலை முழுக்க நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தன் கணினியில் மட்டும் வாசலின் சரியான நம்பரைக் கையால் தட்டினாள். நெட் வந்தது. "பாப்பாவக் கூட்டிட்டு கன்னியப்பன் ஐயா வீட்டுக்குப் போங்க. மோர் குடுக்கறாங்களாம்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

உள்ளே அவள் குரல் கேட்கிறது. வேலை கிடைத்ததா என்று எழுதமாட்டேன், கதவுக்குப் பின்னால் போக எனக்கு அனுமதியில்லை.

கீழே, கன்னியப்பன் வீட்டில் திரண்டவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. பழுது ஸ்விட்சில் என்று தெரிந்தால் போதும், அத்தனை பேரும் மீட்டர் அறைக்கு ஓடி அதை அணைத்து அணைத்துப் போடுவார்கள். அவள் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அரவிந்தன் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறான். யார் கேட்டாலும், "தெரியலையே" என்கிறான். நானும் அதையேதான் சொல்கிறேன்.

அசோக் இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறான்.