சிங்கிவலைக்கு இறங்கியவர்

இடது காலுக்கு உறை ஏறவில்லை. ரெஜிஷா அப்பாவின் குதிகாலை மடியில் தூக்கி வைத்து, வெள்ளை உறையை விரித்து விரித்து இழுத்தாள். பாறையில் உரசிக் கிழிந்த தோலில் நூல் சிக்கிக்கொண்டே இருந்தது. ஏழு மாத வயிறு அவளைக் குனிய விடவில்லை.

"விடுட்டி, நான் மாட்டுதேன்" என்றாள் அம்மா வியாகுலம்மாள். ரெஜிஷா விடவில்லை.

அப்போதுதான் முற்றத்துப் பந்தலிலிருந்து அண்ணன் ஜெனோவின் குரல் கேட்டது.

"ஒரு வாட்டிதான் சொல்லுவேன். எனக்க அப்பனுக்க பெட்டிய அவன் தொடப்பிடாது. தொட்டா கைய முறிப்பேன்."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். ரெஜிஷாவைப் பார்த்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஜெனோ சொன்னது அவள் புருஷன் லிஜோவைத்தான்.

முந்தின நாள் விடியலில் அப்பா ததேயுஸும் மருமகன் லிஜோவும் சிங்கி இறால் வலையை எடுக்க வள்ளத்தில் போனார்கள். திரும்பி வந்தது லிஜோ மட்டும். மணலில் விழுந்து அவன் கத்திய கத்தலில் கரை முழுக்கக் கூடிவிட்டது. சிப்பி எடுக்கிற பையன்கள் விரைந்து போய் முங்கினார்கள். பாறை இடுக்கில், வலையில் கை சுற்றிக் கிடந்த ததேயுஸைத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து இன்று காலையில்தான் உடம்பைக் கொடுத்தார்கள்.

அதற்குள் கரையில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கியிருந்தது. முப்பது வயசுத் தடியன் வள்ளத்தில் இருக்க, அறுபது வயசு மனுஷன் ஏன் கடல் வெள்ளத்தில் இறங்கினான்? லிஜோ யாருக்கும் பதில் சொல்லவில்லை. போலீஸ்காரரிடமும், "வலை கல்லுல மாட்டிச்சு. மாமா எறங்குனாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

ரெஜிஷாவும் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

உறை ஒருவழியாக ஏறியது. அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியபோது, சிங்கி முள் குத்திய பழைய தழும்புகள் அவள் கையில் தட்டுப்பட்டன. சிங்கி உயிரோடு, கால் மீசை எதுவும் முறியாமல் இருந்தால்தான் கம்பெனிக்காரன் எடுப்பான். ததேயுஸ் ஒவ்வொன்றையும் அவ்வளவு பதமாக வலையிலிருந்து கழற்றுவார். அவர் கையில் எதுவும் முறியாது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் ரெஜிஷாவின் பிறந்தநாளன்றும் மட்டும் பெரிய சிங்கி ஒன்றுக்குக் கால் முறிந்திருக்கும். "வலையில முறிஞ்சிட்டு, வியாகுலம். இனி எவன் எடுப்பான்?" என்பார். அம்மா முறைப்பாள். வால் சதையைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, அவர் வெறும் கால்களைக் கடித்து உறிஞ்சிக்கொண்டு இருப்பார்.

ரெஜிஷாவுக்கு வயிற்றில் இரண்டு முறை பிள்ளை தங்காமல் போயிற்று. இரண்டு முறையும் அப்பா கடல் வாடை மாறாத சட்டையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல் பிளாஸ்க்கை நீட்டினார். "சாயா குடிக்கியா மக்கா?"

"ஃபாதர் கோயில்ல இருந்து எறங்கியாச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

ரெஜிஷா சுவரைப் பிடித்து எழுந்தாள். அடுக்களை வழியாகப் பின்பக்கம் போனாள். தென்னை மூட்டில் லிஜோ உட்கார்ந்திருந்தான். நேற்றுக் கட்டிய அதே கைலி, உப்பு பூத்து விறைத்துக் கிடந்தது.

"நீங்க ஏன் எறங்கல்ல?"

அவன் நிமிரவில்லை. "உள்ள போ ரெஜி. வெயில்ல நிக்காத."

"கேட்டதுக்குச் சொல்லுங்க. பயந்தியளா?"

"பயந்தேன்னே வச்சுக்க."

"நடுக்கடல்ல சாடி முங்குத ஆளு, கல்லுல மாட்டுன வலைக்குப் பயந்தியளா? ஊரு காறித் துப்புது. அண்ணன் கைய முறிப்பேங்கான். இன்னும் வாயத் தொறக்காம இருந்தா நான் என்ன நெனைக்கட்டும்? அப்பாவ நீங்க தள்ளி விட்டியன்னு நெனைக்கட்டா?"

லிஜோ தலையைத் தூக்கினான். கண் இரண்டும் கலங்கிச் சிவந்திருந்தன.

"நான் சட்டையக் கழத்தி, ஒரு கால வெளிய போட்டுட்டேன். மாமா எனக்க முடியப் புடிச்சு உள்ள இழுத்துட்டாரு. 'ரெண்டு போயாச்சுலே. இதாவது அப்பன் மொகத்தப் பாக்கட்டும். நீ இரி'ன்னு சொல்லிட்டுச் சாடுனாரு. ஆளு மேல வரல்ல. பொறவு நானும் சாடுனேன். வெள்ளம் ஒரே கலக்கம். கை நீட்டுனா கை தெரியல்ல."

"இத ஏன் சொல்லல்ல?"

"சொன்னா?" அவன் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டான். "தாத்தாவக் கொண்டுபோன புள்ளைன்னு நாளைக்கு எல்லாவனும் இதப் பாப்பான். என்னைய ஏசட்டும். நான் தாங்கிக்கிடுவேன்."

துக்கமணி அடிக்கத் தொடங்கியது.

அவள் வீட்டுக்குள் திரும்பியபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். மூடிக்கு மேல் குழந்தைக் கையெழுத்துபோல் கோணலாக எழுதிய பெயர். ஃபாதர் ஜெபத்தை முடித்தார். முன்பக்கம் வலதுபுறம் ஜெனோ நின்றான். இடதுபுறம் நிற்க இன்னொருவரைக் கூப்பிட்டான். அதற்குள் லிஜோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பெட்டியின் பிடியில் கை வைத்தான்.

ஜெனோ பாய்ந்து அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். "ஏலே, சொன்னது காதுல விழல்லியா?" அவன் கை ஓங்கியது. லிஜோ முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"அண்ணா!"

ரெஜிஷா இருவருக்கும் இடையில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. லிஜோ வேண்டாம் என்று தலையசைத்ததை அவள் பார்த்தாள்.

"அப்பாதான் அவர எறங்க விடல்ல" என்றாள். "சாடப் போனவர முடியப் புடிச்சு இழுத்துப் போட்டுட்டு அப்பா எறங்கியிருக்கு. எனக்க புள்ளைக்கு அப்பன் வேணும்னு சொல்லிட்டு எறங்கியிருக்கு."

எல்லோருடைய கண்ணும் அவள் வயிற்றில் வந்து நின்றது. லிஜோ சொன்னது இதைத்தான். உள்ளே பிள்ளை ஒருமுறை புரண்டது. அவள் அம்மாவைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள்.

வியாகுலம்மாள் மெல்ல எழுந்து வந்தாள்.

"அந்த மனுசன் அப்பிடித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள். மகளின் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றைச் சுற்றி மூடிவிட்டாள்.

ஜெனோ சட்டையை விட்டான். கசங்கிய கழுத்துப்பட்டியை ஒரு நொடி பார்த்தான். பிறகு தன் இடத்துக்குப் போய்க் குனிந்தான். இடதுபுறம் நிற்கக் கூப்பிட்ட ஆள் பின்னால் நகர்ந்துகொண்டார்.

தோளுக்குத் தூக்கினார்கள். லிஜோ ஜெனோவைவிட அரைத் தலை உயரம். பெட்டி ஜெனோவின் பக்கம் சரிந்தது.

"நில்லு" என்றான் ஜெனோ.

ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கழுத்தில் கிடந்த துவர்த்துத் துண்டை உருவினான். பல்லால் கடித்து நாலாக மடித்தான். அதைத் தன் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில் திணித்தான். பெட்டி நேராயிற்று.