டீ குடிக்காத நாத்தனார்

அம்பக்காவுக்கு உடம்பில் அங்கங்கே தடிக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. நாத்தனார் இந்த வீட்டுக்கு வந்தும் ஏழு மாதம்தான் ஆகிறது. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

அம்பக்கா என்பது ஆயத்த ஆடை ஃபேக்டரியில் வைத்த பெயர். கடைசி மேசையில் நின்று, தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. நூல் விட்டிருந்தாலோ எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். பதினாறு வருடப் பழக்கம். மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே கை ஒட்டிவிடும். கறையைக் கண்டதோடு விடுகிற ஆளும் இல்லை. மூன்று சட்டையில் ஒரே இடத்தில் ஒரே கறை இருந்தால் வரிசையில் பின்னோக்கி நடந்து, எந்த மெஷின் கசிகிறது என்று பிடித்த பிறகுதான் திரும்புவாள். தையல்காரர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மேனேஜருக்கு அவள் இல்லாவிட்டால் கை உடைந்த மாதிரி.

தடிப்பு முதலில் கொசு கடித்த மாதிரிதான் வரும். சொறியச் சொறியப் படர்ந்து உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து நிற்கும். இரண்டு மணி நேரத்தில் சுவடே தெரியாமல் அமுங்கிவிடும். அதற்குள் இன்னொரு இடத்தில் கிளம்பியிருக்கும். டாக்டரிடம் காட்டப் போனால் மட்டும், அன்றைக்குப் பார்த்துத் தோல் பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி பளபளவென்று இருக்கும்.

தோல் டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "எது ஒத்துக்கலன்னு நீங்களும் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க" என்றார். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து வீட்டிலும் அம்புகள் பறந்தன. சோப்பு டப்பாவில் ஓர் அம்பு. துணி துவைக்கும் பவுடரில் ஓர் அம்பு. கணவனின் கம்பளிப் போர்வையில் ஓர் அம்பு. அம்பு விழுந்த பொருள் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும். கணவன் பஸ் டிரைவர். பின்னால் நாற்பது பேர் கத்தினாலும் சாலையை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகியவன், வீட்டிலும் அதையே செய்தான். போர்வை எங்கே என்று கூடக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்தாயிற்று, தடிப்பு மட்டும் விலகவில்லை. பொருளில் குற்றம் இல்லையென்றால் ஆளில்தான் இருக்க வேண்டும்.

நாத்தனார் அவனுடைய அக்கா. இருபது வருடம் குடும்பம் நடத்திவிட்டு, இனி முடியாது என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள். நூலகத்தில் வேலை. பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சே அம்பக்காவுக்கு உறுத்தியது. காலையில் முதலில் எழுந்து டீ போடுவது அவள்தான். இரண்டு தம்ளர் போடுவாள். தம்பிக்கு ஒன்று, தம்பி பெண்டாட்டிக்கு ஒன்று. அவள் மட்டும் குடிக்க மாட்டாள்.

"உங்களுக்கு அண்ணி?"

"நான் அப்புறமா குடிச்சுக்கறேன். நீ ஆறிப்போறதுக்குள்ள குடி."

ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சரி. தினமும் ஏன் அப்புறம்? அதோடு இன்னொன்றும் இருந்தது. பேசும்போது நாத்தனாரின் பார்வை அம்பக்காவின் முகத்தில் நிற்பதில்லை. கழுத்துக்கு இறங்கி அங்கேயே கொஞ்ச நேரம் தங்கும். கழுத்தில் கிடந்தது இரண்டு பவுன் சங்கிலி. அம்பக்கா சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்ளப் பழகினாள். எல்லோரும் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு மட்டும் குளிர் எடுத்ததால், போர்த்திக்கொள்வது வசதியாகவும் இருந்தது. தலை வாரினால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. வேலை விட்டு வந்தால் கையைத் தூக்க முடியாத அசதி. அதெல்லாமும் அந்தத் தம்ளரிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

பிறகு ஒரு காலை தண்ணீர் குடிக்க எழுந்தவள், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நாத்தனார் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கையில் பழைய பவுடர் டப்பா. அதற்குள்ளிருந்து சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் தட்டினாள். பக்கத்தில் இரண்டு தம்ளர்கள். அதற்கு மேல் பார்க்க அம்பக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று நாள் டீயைத் தொட்டியில் ஊற்றினாள். இரண்டு நாள் தடிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் மாலை தொடையில் தடித்தது. உள்ளே போனது இன்னும் மிச்சம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஃபேக்டரியில் வேறு யாராவது இப்படிச் சாக்குச் சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

"உங்க அக்கா டீயில என்னமோ போடுறாங்க" என்றாள் கணவனிடம்.

"இஞ்சியா?"

"மாத்திரைங்க! என் கண்ணால பார்த்தேன்."

"எங்கக்கா எறும்பு மருந்து போடவே யோசிக்கிற ஆளு" என்றான்.

"அப்ப நான் பொய் சொல்றேனா? நான் இருக்கணுமா அவங்க இருக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

அவன் வழக்கம்போல் சாலையைப் பார்த்தான்.

நாத்தனார் நூலகத்துக்குப் போன ஒரு பகலில் அம்பக்கா அரை நாள் விடுப்பு எடுத்து வந்து அவள் பெட்டியைத் திறந்தாள். பவுடர் டப்பா புடவைகளுக்கு அடியில் இருந்தது. உள்ளே மாத்திரை அட்டை, பாதி காலி, பெயர் இருந்த பக்கம் கிழிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். டப்பாவை மூடினாள், பெட்டியை மூடினாள், ஓடினாள். வந்தது மீட்டர் பார்க்க வந்த ஆள்தான். ஆனால் அந்த அவசரத்தில் கை தன் வேலையைச் செய்திருந்தது, அவளுக்கு அது தெரியாது.

மறுநாள் காலை மேசையில் டீத் தம்ளரோடு பவுடர் டப்பாவும் வந்து உட்கார்ந்தது. மூடியில் சிவப்பு அம்பு.

"இதுல என்ன குத்தம்?" என்றாள் நாத்தனார்.

பிடிபட்டவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அம்பக்காவுக்குத் தெரியும். இன்றைக்கு அது தன் முகம். அதனாலேயே குரல் உயர்ந்தது. "டீயில என்ன கலக்குறீங்க அண்ணி? தெரிஞ்சுக்கணும்."

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர் ஊற்றி, அவள் கண் முன்னால் விழுங்கினாள்.

"தைராய்டு மாத்திரை. வெறும் வயித்துல போடணும். போட்டு ஒரு மணி நேரம் டீ குடிக்கக் கூடாது. அதான் குடிக்கறதில்ல."

"அதை ஏன் ஒளிச்சு வைக்கணும்?"

"அந்த வீட்டுல இருபது வருஷம் சீக்காளின்னு பேர் வாங்கினேன். இங்கயும் வேணாம்னு பார்த்தேன்." டப்பாவை மூடினாள். "உன் கழுத்து வீங்கியிருக்கு. ரெண்டு மாசமா பார்க்கறேன். முடி கொட்டுது, குளிருதுங்கறே. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லணும்னு தினமும் நினைப்பேன். நான் வந்து நோயைக் கொண்டுவந்தேன்னு சொல்லிடுவியோன்னு பயம்."

அன்று மாலையே அதே ஒரு பெட்டியோடு நூலகத்துக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். தம்பி பஸ் ஸ்டாப் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் பெண்டாட்டியிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அப்போதும் அம்பக்கா முழுதாக நம்பிவிடவில்லை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கதைதானே என்று நினைத்தாள். நாத்தனார் மறந்துவிட்டுப் போன ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரம்மாவிடம் போனாள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், தைராய்டு மாத்திரைதான் என்றார். பிறகு எழுந்து வந்து அவள் கழுத்தைத் தொட்டு, எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்த்தார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார். போர்த்திக்கொண்டு வந்தால் யார் பார்ப்பது?

நான்கு நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

"தைராய்டு சுரக்கறது குறைஞ்சிருக்கு. உங்க உடம்பே அதை எதிரின்னு நினைச்சு அடிச்சிட்டிருக்கு. வெளியில இருந்து யாரும் எதுவும் பண்ணல" என்றார் டாக்டரம்மா.

"அப்ப தடிப்பு இதனாலதானா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"ரெண்டும் சேர்ந்து நிறைய பேருக்கு வருது. இதுக்கு மாத்திரை போட்டா சிலருக்குத் தடிப்பு குறையுது, சிலருக்குக் குறையறதே இல்ல. உங்களுக்கு எப்படின்னு போகப் போகத்தான் தெரியும்."

அம்பக்காவின் மேசையில் இரண்டே இரண்டு கூடை. தேறியது ஒன்றில், தேறாதது இன்னொன்றில். 'இருக்கலாம்' என்பதை எந்தக் கூடையில் போடுவது? நாத்தனாரை மட்டும் அவள் யோசிக்காமலே தேறாத கூடையில் போட்டுவிட்டாள். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனாள். பார்வையாளர் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை கழுவும் தொட்டி. நாத்தனார் படி இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் கழுத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணி, தப்பு என் மேலதான். வீட்டுக்கு வந்துடுங்க."

"தடிப்பு நின்னுடுச்சா?"

"இல்ல. வருது, போகுது. நிக்குமான்னு டாக்டருக்கே தெரியல."

"அப்ப நாளைக்கு மறுபடி தடிச்சா யாரைப் பார்ப்பே?"

யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லத்தான் அம்பக்கா வாயைத் திறந்தாள். ஆனால் உள்ளே நுழைந்ததும் தன் கண் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். தொட்டியில் கிடந்த சோப்புக்குத்தான் போனது. இதே சோப்பைத்தான் நாத்தனார் நம் வீட்டிலும் வைத்திருந்தாளோ என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை.

"உங்களைத்தான் பார்ப்பேன் அண்ணி" என்றாள். "கூடாதுன்னு தெரியுது. ஆனா கண்ணு அங்கதான் போகும்."

மாடியில் யாரோ வாளியை இழுத்தார்கள்.

"உண்மையைச் சொன்னியே, அது போதும்" என்றாள் நாத்தனார். "ஆனா பயந்து பயந்து டீ போட இனிமே என்னால முடியாதும்மா. மாத்திரையை விடாம போடு. நேரமாச்சு, கிளம்பு."

எழுந்து படியேறிப் போய்விட்டாள். அம்பக்கா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்கு மேல் அரிக்க ஆரம்பித்தது. சுற்றும் முற்றும் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.