மீன்சட்டியில் ரோஸ்மேரி

சத்தியநேசனுக்குத் தலைப்பாகை கட்டத் தெரிந்த அளவுக்கு வேறு எதுவும் தெரியாது. இதை அவரே ஒப்புக்கொள்வார். முப்பத்தாறு வயதில் நெற்றி எங்கே முடிகிறது, பிடரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போன தலையை அவர் மல் துணியால் மறைத்திருந்த அழகில், அவர் வேலைபார்த்த சர்க்கார் கச்சேரியில் பாதிக் குமாஸ்தாக்களுக்கு அவர் வழுக்கை என்பதே தெரியாது. அல்லது தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஜெயபாயோடு நிச்சயம் நடந்ததும் அந்தத் தலைப்பாகையோடுதான். அதற்கு முன் பேசிய சம்பந்தம், அவர் புழுக்கம் தாங்காமல் அதைக் கழற்றி விசிறிக்கொண்ட அன்றைக்கே முறிந்துபோயிருந்தது. ஜெயபாய் காபி கொடுக்கும்போது ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இழக்க அவருக்கு மனசே இல்லை. ஆவணியில் கல்யாணம். அவர்கள் சபை வழக்கப்படி மாப்பிள்ளை கோட்டுப் போட்டு, வெறுந்தலையோடு ஆலயத்தில் நிற்க வேண்டும். அதற்குள் முடி முளைத்தாக வேண்டும்.

ரோஸ்மேரி இலையைக் கொதிக்கவைத்துத் தலை கழுவினால் முடி வளரும் என்று ஏதோ சீமைத் தைல விளம்பரத்தில் படித்திருந்தார். கொடைக்கானலுக்குப் போன மிஷன்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு கன்றுகள் வரவழைத்தார். கூடவே ஒரு சீமைத் தோட்டப் புத்தகமும் இரவல் வாங்கினார். நிலத்தில் நட்டால் வேர் பிடித்த பிறகு தண்ணீரே வேண்டாம், தொட்டியில் வைத்தால் மண் சீக்கிரம் காயும், மறக்காமல் ஊற்று என்றது புத்தகம். எழுதின மனுஷன், வைகாசிப் பாதியில் பிடித்து விடாமல் கொட்டும் இடவப்பாதி மழையைக் கண்டவர் இல்லை. அதைப் படித்த சத்தியநேசன் கண்டவர்தான். ஆனால் அச்சில் வந்ததை மீறி நடந்து அவருக்குப் பழக்கமில்லை.

ஒரு கன்றைக் கிணற்றடியில், வாழைக்குப் பக்கத்தில் நட்டார். வாழை தழைக்கிற இடத்தில் எதுதான் தழைக்காது என்பது அவர் கணக்கு. மழை பிடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கன்று கறுத்துப்போய், தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

மற்றதை அக்கா எலிசாளின் புதுச் சட்டியில் வைத்திருந்தார்.

"லேய், அது மீன்சட்டியாக்கும்," என்றாள் எலிசாள். கல்யாணமாகாத தம்பிக்குச் சமைத்துப் போட அவருடைய ஆரியசாலை வீட்டில் வந்து தங்கியிருந்தவள் அவள்.

"வேற வாங்கித் தாறேன்க்கா."

"அப்ப இன்னைக்கு மீனை ஒந்தலையிலயா வச்சு வேவிக்கட்டு?"

நிலத்துக் கன்று போன பயத்தில் சட்டிச் செடியைப் பிள்ளையைப் போலக் கவனித்தார். மழை கொட்டினாலும் காலையும் மாலையும் ஒரு கையில் குடை, மறு கையில் சொம்பு. இலையைப் பறித்துப் பறித்துக் கொதிக்கவைத்ததில் செடியின் தண்டு பாதிக்கு மேல் மொட்டையாகிவிட்டது. அவர் தலையில் ஒரு பூனைமயிர்கூட எட்டிப் பார்க்கவில்லை. 'வெளியேதான் ஒன்றும் இல்லை என்று நினைத்தோம், உள்ளேயும் இல்லை போலிருக்கிறது' என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

ஆடியில் ஒரு நாள் மத்தியானம் காற்றும் மழையுமாக அடித்தது. மதில்மேல் இருந்த சட்டி ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் அப்படியே எழுந்து ஓடினார். சட்டியைத் தாங்கிப் பிடித்துத் திரும்பினால், வாசலில் ஜெயபாய். கல்யாணச் சேலை எடுக்கத் தாயோடு பக்கத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவள் மழைக்கு ஒதுங்க வந்திருந்தாள். தாய் உள்ளே போய்விட்டாள். எலிசாளோடு இறவாரத்தில் நின்றவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பாகை உள்ளே ஆணியில் தொங்கியது.

கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் நேரே பேசுவது வழக்கமில்லை. "மைனி," என்று எலிசாளிடம் சொன்னாள், "அவியட்ட அந்தச் சட்டியைச் சரிக்கச் சொல்லுங்க."

"சரிக்கணுமாம்ல," என்றாள் எலிசாள்.

சரித்தார். புளித்த நாற்றத்தோடு ஒரு படித் தண்ணீர் அவர் காலில் கொட்டியது.

"சட்டிக்கு அடியில ஓட்டை இல்ல. மழையத்துலயும் வெள்ளம் ஊத்துவாவளா மைனி?"

"ரெண்டு நேரமும்," என்றாள் எலிசாள், கொஞ்சமும் இரக்கமில்லாமல். "குடை பிடிச்சிட்டு."

ஜெயபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுவும் போச்சு என்று நினைத்தார் சத்தியநேசன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அக்கா, என் தலை இப்பிடித்தான்னு சொல்லீரு. மறைச்சது தப்புதான். கல்யாணம் வேண்டாம்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மைனி, சம்பந்தம் பேசின உபதேசியார் எங்க வீட்டுல மொதல்ல சொன்னதே தலையைப் பத்தித்தான். எங்க தெருவுக்கே தெரியும்," என்றாள் ஜெயபாய். "எனக்குப் பயம் அதில்ல."

பிறகு எலிசாளை விட்டுவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"ஒரு செடியை வெள்ளம் ஊத்தியே இந்தப் பாடு படுத்தியிருக்கிய. நாளைக்குப் பிள்ளை பெறந்தா நான்தான் குளிப்பாட்டுவேன். நீங்க பக்கத்துல வரப்பிடாது."

"வரமாட்டேன்," என்றார் சத்தியநேசன் அவசரமாக. கொட்டுகிற மழையில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.