முன்பக்கத்துப் பாரம்

சலூன்காரருக்குத் தன் கையில் இருக்கும் சவரக்கத்தியைத் தவிர உலகத்தில் எதைக் கண்டாலும் பயம். நாயைக் கண்டால் பயம், ஏணியைக் கண்டால் பயம், ஈரக்கையோடு சுவிட்சைத் தொடப் பயம். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு ஆளை டிரெய்லரின் முனையில் உட்கார வைத்து நட்ட நடு ரோட்டில் இழுத்துக்கொண்டு வந்தார் என்று சொன்னால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வந்தார். வானம் கறுத்ததுதான் காரணம்.

அன்று காலை வெல்டர் வந்து பின்னறையின் பழைய கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார். அப்போது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. புதுக் கூரைக்கான இரும்புக் குழாய்கள் மத்தியானத்துக்குள் கடை லாரியில் வந்துவிடும் என்று பேச்சு. மத்தியானம் வந்தது, லாரி வரவில்லை. எங்கேயோ பழுதாகி நிற்கிறதாம், நாளைக்குப் பார்க்கலாமாம். அதற்குள் மேற்கே மேகம் திரண்டுவிட்டது. கூரையில்லாத அறையில் கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தன. சலூன்காரரின் மனைவி போர்வையையும் பாலிதீன் தாளையும் போட்டு மூடிக்கொண்டே, நீங்களே போய்க் கொண்டுவந்தால்தான் என்ன என்று கேட்டாள்.

சலூன்காரரிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு குட்டி டிரெய்லர் இருந்தது. அதைக் காரின் கொக்கியில் மாட்டினால் போதும். கொக்கியின் பூட்டு மட்டும் உடைந்து போனதால் கம்பியைச் சுற்றி வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். செடியும் மண்ணும் ஏற்றுகிற வண்டிக்கு அது போதும் என்றார். கூட ஒத்தாசைக்கு மனைவியின் தம்பி கிளம்பினான். அவனை வீட்டிலும் வெளியிலும் அண்டா என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. அம்மா இல்லாத பிள்ளை. அக்காதான் தூக்கி வளர்த்தாள். முப்பது வயதுக்கு மேல் ஆகியும், அவன் தெருவைக் கடந்தால் அவள் கதவருகில் நின்று பார்ப்பாள். அன்றைக்கும் வாசலில் நின்று, "அவன பத்திரமா கூட்டிட்டு வாங்க" என்று சொன்னாள். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரும்புக் கடையில்தான் வினை ஆரம்பித்தது. குழாய் ஒவ்வொன்றும் இருபதடி. டிரெய்லர் ஒரு ஆள் படுக்கிற அளவுதான். குழாயை முன்னால் தள்ளினால் திருப்பத்தில் கார் கண்ணாடியை உடைக்கும். பின்னால் தள்ளினால் பாதிக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கம் கனம் கூடியதும் டிரெய்லரின் முன்பக்கம் மேலே எழும்பியது. பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடுகிற பலகை மாதிரி. சுமை ஏற்றியவர் இரண்டாக வெட்டித் தரட்டுமா என்று கேட்டார். நடுவில் ஒட்டுப் போட்டால் கூரை ஒருநாள் தலையில்தான் உட்காரும் என்று வெல்டர் காலையிலேயே மிரட்டி வைத்திருந்தார். சலூன்காரர் வானத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"நான் எதுக்கு மாமா இருக்கேன்?" என்று சொல்லி அண்டா டிரெய்லரின் முன்முனையில் ஏறி உட்கார்ந்தான். எழும்பி நின்ற முன்பக்கம் சமர்த்தாகக் கீழே இறங்கி நேரானது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த உடம்பு இன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு ஆகியிருக்கிறது என்று அவனும் சிரித்தான். குழாய் முனையில் கட்டச் சிவப்புத் துணி கிடைக்கவில்லை. அக்கா வாங்கிக் கொடுத்த சிவப்புச் சட்டையைக் கழற்றிக் கட்டச் சொல்லிவிட்டு, பனியனோடு உட்கார்ந்துகொண்டான்.

வேண்டாம் இறங்கு என்று சலூன்காரர் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அத்தனை பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது பயந்தாங்கொள்ளி என்ற பெயர் இங்கேயும் வேண்டாமே என்று விழுங்கிவிட்டார். இந்த மனுஷருக்கு வீரம் வர வேண்டிய நேரம் அதுவல்ல, ஆனால் அப்போதுதான் வந்தது. வண்டி நிற்கும்போதும் நான் சொல்லாமல் இறங்காதே என்று மட்டும் சொன்னார். நீ இறங்கினால் முன்பக்கம் தூக்கிவிடும், கம்பி பிய்த்துக்கொள்ளும், அப்புறம் பின்னால் வருகிறவன் கதி என்ன என்று விவரமாகவே சொன்னார். அண்டா தலையாட்டினான்.

வண்டி ரோட்டுக்கு வந்ததும் வந்த வீரம் திரும்பிப் போய்விட்டது. பக்கக் கண்ணாடியில் அண்டா முழுசாகத் தெரியவில்லை. ஒரு தோளும், குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கயிற்றைப் பிடித்த ஒரு கையும்தான் தெரிந்தன. சலூன்காரர் முன்னால் ஒரு கண்ணும் கண்ணாடியில் ஒரு கண்ணுமாக ஓட்டினார். கை தெரிந்தால் மூச்சு வந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது கை ஒரு நொடி மறையும். பின்னாலிருந்து குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. ஒரு பஸ் ஓயாமல் ஹாரன் அடித்துவிட்டு உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. டிரெய்லர் வால் ஆட்டியது. அது இடமும் வலமும் போக, காரின் பின்பக்கமும் கூடவே போனது. ஸ்டீயரிங் வியர்வையில் வழுக்கியது.

மேம்பாலத்தில் ஏறும்போது கை காணாமல் போனது.

பள்ளமில்லை, மேடில்லை. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினார், கை வரவில்லை. வாசலில் நிற்கிற மனைவியின் முகம்தான் கண்ணில் வந்தது. பாலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிட்டு ஓடினார்.

அண்டா இருந்தான். குழாய்களின் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அவற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கண்ணை இறுக்க மூடியிருந்தான். கூப்பிட்டதும் மெதுவாகத் திறந்தான். கடையில் சிரித்த முகம் இல்லை அது. பேயறைந்த மாதிரி வெளுத்திருந்தது.

"மாமா, நான் எறங்கி நடந்து வந்துடறேனே. என்னால முடியல."

சலூன்காரருக்கு அவனைத் தூக்கி இறக்கிவிடத்தான் ஆசை. ஆனால் பாலத்தின் ஏற்றத்தில், குழாய்கள் பின்பக்கம் சாய்ந்து நிற்க, இவன் இறங்கினால் டிரெய்லரின் முன்பக்கம் எழும்பி, குழாய்கள் பின்னால் சரிந்து போகும். பின்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண், மடியில் குழந்தையோடு, எப்போது நகர்வீர்கள் என்ற முகத்தோடு நின்றாள். கனத்துக்கு மாற்றாகத் தானே ஏறினால் வண்டியை யார் ஓட்டுவது? யாரையாவது கூப்பிட்டு உதவி கேட்டிருக்கலாம். குழாயில் பாதியை அங்கேயே இறக்கிப் போட்டிருக்கலாம். அதெல்லாம் அப்புறம் தோன்றியது. அப்போது தூரத்தில் மின்னியது, அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இன்னும் கொஞ்ச தூரந்தான் மாப்ளே. கண்ண மூடிக்க."

அண்டா கண்ணை மூடிக்கொண்டான்.

மிச்ச தூரத்தை அவர் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்பார்களே, அவர் பிடித்திருந்தது இன்னொருவன் உயிரை. கண்ணாடியில் கை தெரியவில்லை, தெரியாது என்று இப்போது தெரிந்துவிட்டதால் பயம் குறைய வேண்டும். குறையவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ விழுந்த சத்தம் கேட்ட மாதிரியே இருந்தது.

வீட்டுத் தெரு ஏற்றமான தெரு. வாசலில் வெல்டர் பீடியோடு நின்றார். சலூன்காரர் எஞ்சினை நிறுத்தி, நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்து ஒரு மூச்சு விட்டார். அந்த ஒரு மூச்சுதான் அவர் செய்த தப்பு.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தபோது, மனைவி குழாய் முனைகளுக்கு நேர் பின்னால் நின்றிருந்தாள். தம்பிக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த சட்டை தூசியும் கரியுமாக அங்கே கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டாள். திட்டிக்கொண்டே முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குழாய் முனைகள் அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தன. அக்காவின் குரலைக் கேட்டதும் அண்டாவுக்கு வீடு வந்துவிட்டது என்று தெரிந்தது. வேறு எல்லாம் மறந்துவிட்டது. ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டான். இன்னொரு காலும் வந்துகொண்டிருந்தது.

இறங்காதே என்று கத்த வாயைத் திறந்தார். சொல் வெளியே வருவதற்குள் கம்பி டப்பென்று அறுந்தது. டிரெய்லரின் முன்பக்கம் கொக்கியை விட்டு எழும்ப, குழாய்கள் ஒன்றாகப் பின்னால் நழுவ ஆரம்பித்தன.

கதவை எப்போது திறந்தார், எப்போது பாய்ந்தார் என்பது வெல்டர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஏணியில் ஏறப் பயப்படுகிறவர், எழும்பி நின்ற இரும்பின் மேல் நெஞ்சு அடிபட விழுந்து, அதைக் கட்டிக்கொண்டு தொங்கினார். அவர் கனம் போதவில்லை. கால் தரையை விட்டுத் தூக்கியது. அதற்குள் அண்டா திரும்பி அவர் மேலேயே விழுந்தான். முன்பக்கம் தடாலென்று தரையில் உட்கார்ந்தது. பின்னால் குழாய் முனைகள் அவள் சேலை ஓரத்தைக் குத்திக் கிழித்துக்கொண்டு நின்றன.

வெல்டர் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். அவள் கையில் சிவப்புச் சட்டையோடு, முனைகளிலிருந்து ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினாள். முதல் தூறல் விழுந்தது.

குழாய்களை இறக்கி முடிக்கும் வரை இரண்டு பேரும் அசையக் கூடாது என்று வெல்டர் உத்தரவு போட்டுவிட்டார். அவரும் அவளுமாக ஒவ்வொன்றாக உருவி உள்ளே கொண்டு போனார்கள். மழை கனத்தது. பின்னறையில் பாலிதீன் தாள் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மாமனும் மச்சினனும் ஒருவர் மேல் ஒருவராக, நனைந்த மூட்டைகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிக் குழாயும் போனபின் அவள் வந்தாள். தம்பியின் கைகளைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தடம் சிவந்து கிடந்தது. புருஷனின் நெஞ்சில் ரத்தம் கசிவதையும் பார்த்தாள், ஆனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"கடையிலேருந்து இதுமேலதான் வந்தானா?"

சலூன்காரர் தலையாட்டினார்.

"எறங்கறேன்னு இவன் சொல்லலையா?"

மேம்பாலத்தில் வந்தது போலவோ குழாய்கள் நழுவியபோது வந்தது போலவோ இல்லாத வேறொரு பயம் அப்போது வந்தது. அது வண்டியைப் பற்றியதோ கம்பியைப் பற்றியதோ இல்லை. தன்னைப் பற்றியது. அண்டாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"நான் சொல்லலக்கா," என்றான் அண்டா. "நல்லா ஜாலியா இருந்துச்சு."

அவள் அவனுக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்த சட்டை. பொத்தானைப் போடும்போது அவன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருப்பது அவள் விரலுக்குத் தெரிந்தது. அவள் பொத்தானை விட்டுவிட்டு, நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.